பூச்சி என்று நினைத்தேன்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. பாகூருக்குத் தெற்கே, பெண்ணையாற்றுக்குப் போகும் வண்டிப்பாதையில் இருந்த ஒரு சின்ன ஊரில் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி. ஆற்றைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் ஆட்சி, கடலூர். எனக்குப் பதினெட்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம் முடிந்து ஆறு பிறந்திருந்தது.

இதைச் சொன்னால் என் மருமகள்கள் சிரிக்கிறார்கள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது என்கிறார்கள். தெரியாதுதான். யாராவது சொன்னால்தானே தெரியும்? தானாகத் தெரிவதற்கு இதென்ன பசியா, தூக்கமா?

எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். அப்பாதான் வளர்த்தார். கல்யாணமாகி மூன்றாம் மாதமே என் வீட்டுக்காரர் சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே ஏதோ ஒரு சர்க்கார் கச்சேரியில் காவல் வேலை. எங்கள் பக்கத்தில் அது சகஜம். சைகோன் சம்பளத்தில் ஓடு போட்ட வீடுகள் ஊருக்கு நாலைந்தாவது இருக்கும். அவர் கிளம்பும்போது எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. அது எனக்கும் நிச்சயமில்லை, அவருக்கும் தெரியாது. பிறகு எழுதிப்போட்டேன், ஆனால் தபால் போய்ச் சேர மாதக் கணக்காகும். 'உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அவரிடமிருந்து முதல் பதில் வந்தபோது நான் வாந்தியெல்லாம் எடுத்து முடித்திருந்தேன்.

மாமியார் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. வீட்டில் மாமனாரும், பெண்டாட்டியை இழந்த அவர் தம்பியும்தான். நான் ஒருத்திதான் பெண். கொட்டிலில் நின்ற சினைப்பசுவைச் சேர்த்துக்கொண்டால் இரண்டு பேர்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். அதற்கு எங்கள் ஊர் மேர் தேர்தலைச் சொல்ல வேண்டும். மேர் என்றால் கொம்யூனுக்கு, அதாவது நாலைந்து ஊர் சேர்ந்த பஞ்சாயத்துக்கு, தலைவர். பிரெஞ்சு சீமையில் தேர்தல் என்றால் ஓட்டுக்கு முன்னால் கம்புதான் பேசும். நான் கல்யாணமாகி வந்த மறுமாதமே தேர்தல் வந்தது. மண்டைகள் உடைந்தன, ஒரு வைக்கோல் போர் எரிந்தது. மாமனார் சேர்ந்த பக்கம் தோற்றுப்போனது. அவரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக ஜெயித்தவர்களோடு ராசியாகிவிட்டார்கள். இவர் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றார். அதனால் ஊரில் ஒருவரும் எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான் குளத்துக்குப் போனால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் ஒருத்தி என் வயிற்றைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். பக்கத்தில் நின்றவள் அவள் முழங்கையை இடித்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து அன்று முழுக்க அழுதேன். அவள் மட்டும் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த மாதங்களில் என் உடம்பு எனக்கே பிடிபடாமல் போயிற்று. சோறு கொதிக்கிற வாசனை வந்தால் கொல்லைக்கு ஓடுவேன். மழை நனைத்த மண்சுவரைக் கண்டால் நாக்கில் எச்சில் ஊறும். சுரண்டித் தின்றும் இருக்கிறேன், சொல்வதற்கு என்ன வெட்கம். கழுத்து கறுத்தது. கன்னத்தில் திட்டுத் திட்டாகப் படை மாதிரி வந்தது. தொப்புளிலிருந்து கீழே யாரோ கரித்துண்டால் கோடு இழுத்தது போல ஒரு கோடு. அதைத் தேய்த்துக் குளித்துப் பார்த்தேன், போகவில்லை. மார்பு கனத்து வலித்தது. ராத்திரியில் மூன்று நான்கு தரம் எழுந்து கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது. ஈறில் ரத்தம் கசிந்தபோது ஏதோ பெரிய வியாதி வந்துவிட்டது, இனி பிழைக்க மாட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மனசு அதைவிட மோசம். அடுப்பு அணைந்துபோனதற்கு அழுவேன். மாமனார் ஒரு நாள் குழம்பு நன்றாயிருக்கிறது என்றார், அதற்கும் அழுதேன். அந்த மனுஷர் பயந்துபோய் அதற்கப்புறம் சாப்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. கப்பல் ஏறிப் போனவர்மேல் சில நாள் கொள்ளை ஆசை வரும். சில நாள் அவர் மட்டும் எதிரே வந்தால் அகப்பைக் காம்பால் நாலு சாத்தலாம் போலிருக்கும்.

மாமனார் கெட்டவர் இல்லை. நான் உண்டாகியிருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மருமகளிடம் அதைப் பற்றி எப்படிப் பேசுவது? அவருக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டு வைத்தியம். கொட்டிலில் பசுவுக்கு என்ன செய்கிறாரோ அதையே எனக்கும் சொல்லாமல் செய்தார். பசுவை வெயிலில் கட்டவில்லை, என்னையும் கழனிக்கு அனுப்பவில்லை. பசுவுக்குப் பிண்ணாக்கு வந்த அன்றைக்கு எனக்கு வெல்லமும் எள்ளும் வந்தது. தண்ணீர்க்குடத்தை அவரே தூக்கிவர ஆரம்பித்தார். முகத்தைப் பார்த்து மட்டும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில்தான் அது தொடங்கியது. ஒரு மத்தியானம் படுத்திருந்தேன். அடிவயிற்றில் என்னவோ புரண்டது. குளத்தங்கரையில் கால் வைத்து உட்கார்ந்தால் குட்டி மீன் வந்து உரசுமே, அந்த மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் பலமாக. பிள்ளை வயிற்றில் அசையும் என்று எப்போதோ காதில் விழுந்திருந்தது. ஆனால் அது ஒன்பதாம் மாதம், பிறக்கிற சமயத்தில், வெளியே வர வழி தேடி அசையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஆறாம் மாதத்தில் கை ஏது, கால் ஏது என்று எனக்கு நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து மாமனார் கொட்டிலில் தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வயித்துல பூச்சி இருந்தா கன்னு தங்காதுடா. போன தபா அப்பிடித்தான் போச்சி. இந்த வாட்டி முன்னாடியே மருந்து குடுத்துடணும்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பூச்சிதான். மண்ணைத் தின்றேனே, பூச்சி வராமல் என்ன செய்யும்? அது என் பிள்ளையைத் தின்றுகொண்டிருக்கிறது. பசுவுக்காவது முன்னாடியே மருந்து கொடுக்க ஆள் இருக்கிறது. எனக்கு யார் இருக்கிறார்கள்?

யாரிடமும் சொல்லவில்லை. மண் தின்றதைச் சொல்ல வேண்டிவருமே என்ற வெட்கம் ஒரு பக்கம். சொல்வதற்கு இருந்தவர்கள் இரண்டு ஆண்கள் என்பது இன்னொரு பக்கம். ஒவ்வொரு தரம் வயிற்றில் அது புரளும்போதும் கையை வைத்து அழுத்திக்கொள்வேன். அழுத்தினால் அடங்கும். அப்புறம் இறுக்கிக் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. சைகோனிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் என் வீட்டுக்காரர் ஒரு பட்டுத்துணி கொடுத்தனுப்பியிருந்தார். ஆறு கஜம், மாந்தளிர் நிறம். பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டியிருக்கலாம், நழுவாமலும் இருந்திருக்கும். ஆனால் அது அவர் தொட்டு அனுப்பியது. புடவைக்குள்ளே அதை வயிற்றோடு சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். ஆண்கள் நடமாடுகிற வீட்டில் வயிறு எடுப்பாகத் தெரியாமலும் இருந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

சின்ன வயதில் எனக்கு வயிற்றில் பூச்சி என்றால் அப்பா கடலூரில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் பேதி மாத்திரை வாங்கி வருவார். நேர்வாளம் சேர்த்தது. ஒரே நாளில் குடலைக் கழுவி எடுத்துவிடும். கடை எங்கே இருக்கிறதென்று எனக்கு நினைவிருந்தது. மாமனார் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு கடலூருக்குப் போகிற நாள் பார்த்து, வளையல் வாங்க வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு வண்டியில் வைக்கோலைக் கூடுதலாகப் போட்டு மெத்தை மாதிரி செய்துகொடுத்தார்.

வைகாசி மாதம். ஆற்றில் தண்ணீர் இல்லை, ஓரமாக ஒரு வாய்க்கால் அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. வண்டி மணலில் இறங்கி ஏறியது. அக்கரையில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி. பிரெஞ்சு சீமையில் பட்டும் சரிகையும் மலிவு, அதனால் அங்கிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் குடைவார்கள். ஆண்களைச் சேவகர்கள் தடவிப் பார்ப்பார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு தட்டி மறைப்பு, அதற்குள் ஒரு பெண்.

அவளுக்கு முப்பது வயது இருக்கும். ஆண்பிள்ளை போல உயரம், வாய் நிறைய வெற்றிலை. நான் உள்ளே போனதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"வா மா, வா. இன்னிக்கி நீ மூணாவது புள்ளத்தாச்சி. மொத ரெண்டு பேருக்கும் பட்டுதான் பொறந்துது."

எனக்கு அவள் சொன்னது புரியவே இல்லை. அவள் கை என் இடுப்பில் பட்டது. துணிக்குமேல் துணி இருப்பது விரலில் தட்டுப்பட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"உனக்கும் அதே புள்ளதானா? அவுருடி."

அப்போதுதான் உறைத்தது. சைகோன் பட்டு. ஆறு கஜம். சுங்கம் கட்டாமல் வயிற்றில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். வெளியே அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். மாமனார் வண்டியோடு நிற்கிறார். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பயம் இரண்டாவதுதான். கட்டை அவிழ்த்தால் பூச்சி கிளம்பிவிடுமே என்பதுதான் முதல் பயம். நான் முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு அவளே அவிழ்த்தாள். சுற்றுச் சுற்றாக எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டே வந்தாள். துணி முழுக்க வந்துவிட்டது. வயிறு அப்படியே இருந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். இறுக்கிக் கட்டிய இடமெல்லாம் தழும்பு தழும்பாகச் சிவந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"நெசமாவே புள்ளத்தாச்சியா? எத்தினி மாசம்?"

"ஆறு."

"ஆறு மாசத்து வவுத்த இப்பிடியா இறுக்கிக் கட்டுவாங்க? பட்டுக்கு ஆசப்பட்டு புள்ளய நசுக்குறியே, நீ பொம்பளதானா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பட்டுக்கு இல்ல. உள்ள பூச்சி ஊருது. அதுக்குத்தான் கட்டினேன்."

"பூச்சியா?"

"ஆமா. பத்து பதினஞ்சி நாளா. புள்ளய தின்னுடும். அதான் பேதி மாத்திர வாங்கப் போறேன்."

நான் சொல்லி வாய் மூடவில்லை, கட்டு அவிழ்ந்த வயிற்றுக்குள் அது புரண்டு ஒரு இடி இடித்தது. அவள் உள்ளங்கைக்குக் கீழேயே இடித்தது. அவள் கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள்.

"இதையா சொல்ற?"

"இதான். இதேதான்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். என் முகத்தை மோவாயைப் பிடித்துத் தூக்கினாள்.

"இது உன் புள்ளடி. பூச்சியாம் பூச்சி. கையோ காலோ, அதான் ஒதைக்கிது. இதப் போயி பூச்சின்னு ஆரு சொன்னது?"

"ஆரும் சொல்லல."

"இன்னான்னு ஆராவது கேட்டாங்களா?"

"ஆரும் கேக்கல."

அவள் என் கையை இழுத்து என் வயிற்றில் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அது மறுபடி உதைத்தது. "பாரு," என்றாள். "அந்த மாத்திரய மட்டும் முழுங்கியிருந்தின்னா இதுவும் போயிருக்கும், கூடவே நீயும் போயிருப்ப." நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் என் எதிரே குந்தினாள். கன்னத்துப் படையைத் தடவிப் பார்த்து, புள்ள பொறந்தா போயிடும் என்றாள். அந்தக் கரிக்கோட்டைக் காட்டினேன், அதுவும் போயிடும் என்றாள். ஈறைக் காட்டினேன். காரணமில்லாமல் அழுவதைச் சொன்னேன். மண் தின்றதைக்கூடச் சொல்லிவிட்டேன். "எனக்குச் சாம்பலு," என்றாள் அவள். அவ்வளவு மாதமும் நெஞ்சில் கிடந்ததையெல்லாம் நான் கொட்டக் கொட்ட, அவள் 'ம்' 'ம்' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளியே அதிகாரி, "இன்னா இவ்ளோ நேரம்? இன்னா இருக்கு?" என்று சத்தம் போட்டார்.

"புள்ளத்தாச்சி சார். மயக்கமா வந்துட்டுது. வேற ஒண்ணும் இல்ல," என்று பதில் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே என் பட்டைச் சுருட்டித் தட்டிக்குப் பின்னால் தன் பைக்குள் திணித்தாள்.

அதை நான் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்கிற நிலையில் நான் இல்லை. வழக்கு வராமல் என்னைக் காப்பாற்றத்தான் ஒளித்தாளா, மாந்தளிர் நிறம் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டாளா, இன்றுவரைக்கும் தெரியாது. இரண்டும் இருக்கலாம். பட்டு போன வயிற்றெரிச்சல் எனக்கு ரொம்ப நாள் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என்னைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்தவள் நேராக மாமனாரிடம் போனாள்.

"பெரியவரே, வூட்ல பொம்பள இல்லியா?"

மாமனார் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். "இல்லம்மா."

"இல்லன்னா நீங்க கேளுங்க. புள்ள அசையிறத பூச்சின்னு நெனச்சி பேதிக்கு சாப்புட வந்திருக்குது உங்க மருமவ. தெனம் ஒரு வாட்டி, எப்பிடி இருக்கன்னு ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா பூடும்?"

நாலு பேர் பார்க்க ஒரு பெண்பிள்ளை அப்படிப் பேசினால் மாமனார் சும்மா விடுகிற ஆள் இல்லை. அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார். கடலையைப் பக்கத்து வண்டியில் ஏற்றிவிட்டு வண்டியைத் திருப்பினார். திரும்பும்போது வண்டியில் ஏறவில்லை. வண்டி குலுங்கக் கூடாதென்று மாட்டைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே வந்தார். நான் வைக்கோலில் சாய்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு, வாய்விட்டுப் பேசிக்கொண்டு வந்தேன். உன்னையா பூச்சி என்றேன், கண்ணு, உன்னையா இறுக்கிக் கட்டினேன் என்று. யாருமே இல்லை யாருமே இல்லை என்று நான் அழுத நாளிலெல்லாம் ஒருவர் உள்ளே இருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் கையை வைத்து அழுத்தி வாயை மூடியிருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் மாமனார் கொட்டில் பக்கம் போய் நின்றார். பசுவைப் பார்த்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னாம்மா, இன்னிக்கி அசைஞ்சிதா?" என்றார்.

பசுவைக் கேட்கிறார் என்று நினைத்து நான் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். "உன்னத்தாம்மா."

"அசைஞ்சிது மாமா," என்றேன்.

"சரி," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதற்குமேல் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து பிள்ளை பிறக்கிற வரைக்கும் ஒரு சாயங்காலம்கூட அந்தக் கேள்வி தவறவில்லை. காய்ச்சலில் படுத்திருந்த இரண்டு நாளும் படுத்த இடத்திலிருந்தே கேட்டார்.

ஊர் ராசியாக இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. என் தனிமை ஒன்றும் அன்றைக்கே தீர்ந்துவிடவில்லை. குளத்தங்கரையில் பெண்கள் அப்படியேதான் விலகி நின்றார்கள். பக்கத்து ஊர் மருத்துவச்சி வந்து பிள்ளை எடுத்தாள். பையன். அவனுக்கு மூன்று வயதாகும்போதுதான் அவன் அப்பா ஊர் திரும்பினார்.

பேருந்திலோ ஆஸ்பத்திரி வாசலிலோ கர்ப்பிணிப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தால் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து எத்தனை மாதம், அசைகிறதா என்று கேட்டுவிடுவேன். ஏன்மா முன்பின் தெரியாதவர்களிடம் என்று என் பையன் கூச்சப்படுகிறான். அவன் கூச்சப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். தெரிந்தவர்கள் எல்லாரும் மரியாதைக்காகவும் கோபத்துக்காகவும் என்னைத் தொடாமலே விட்டபோது, திருடி என்று நினைத்தாவது ஒருத்தி என் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள், அதனால்தான் அவன் இன்றைக்குக் கூச்சப்படவாவது இருக்கிறான்.